பத்து விரல்களுக்கு ஒரு மேசை

1958இல் நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆம்பெக்ஸ் கம்பெனியின் எட்டு டிராக் டேப் இயந்திரம் வந்து இறங்கியது. பாட்டு, பியானோ, டிரம்ஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்கில் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகக் கலக்கலாம். சிக்கல் கலக்கும் மேசையில், அதாவது மிக்ஸரில், இருந்தது. அன்றைய மிக்ஸர்களில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இருந்தவை பெரிய வட்டத் திருகுகள். ஒரு கையால் ஒன்றைத்தான் திருக முடியும். எட்டு டிராக்கை இரண்டு கை எப்படிச் சமாளிக்கும்? அங்கே பொறியாளராக இருந்த டாம் டவுட், மேலும் கீழும் நழுவும் ஒடுக்கமான ஃபேடர்களை நெருக்கமாகப் பதித்து மேசையையே மாற்றினார். பத்து விரல்களும் வேலைக்கு வந்தன.

வீட்டு ரெக்கார்டிங்கின் கதையைக் கணினியிலிருந்து தொடங்குவதே வழக்கம். இந்த மேசையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்; பின்னால் வந்த டிஜிட்டல் மிக்ஸர்களெல்லாம் இந்த ஃபேடர் வரிசையைத்தான் சுமந்து வந்தன.

ஃபேடருக்கு ஒரு குறை இருந்தது: அதற்கு ஞாபகம் கிடையாது. பாட்டின் நடுவே எந்த நொடியில் எதை எவ்வளவு ஏற்றினோம் என்பது மனிதர் தலையிலும் காகிதக் குறிப்பிலும்தான் இருந்தது. டிராக்குகள் பெருகியபோது மூன்று நான்கு பேர் மேசையைச் சூழ்ந்து நின்று ஆளுக்குச் சில ஃபேடர்களைத் தள்ளுவார்கள். ஒருவர் கை தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீவ் கம்பெனி கொண்டுவந்த நெகாம் இதற்கு விடை சொன்னது. ஒவ்வொரு ஃபேடருக்கடியிலும் ஒரு மோட்டார். தள்ளிய அசைவைக் கணினி நினைவில் வைத்து, மறுமுறை தானே நகர்த்திக் காட்டும். ஆனால் அது பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வசதி.

வீட்டுக்காரர்களின் பாதை வேறு. 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ வந்தது: சாதாரண கேசட்டில் நான்கு டிராக், அதே பெட்டியில் ஒரு சின்ன மிக்ஸர். பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் இருந்தபடி அதில் மாதிரிக்காகப் பதிந்த பாட்டுகளே 1982இல் 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளியாயின. 1992இல் கடைக்கு வந்த அலெசிஸ் அடாட், வீடியோ கேசட்டில் எட்டு டிஜிட்டல் டிராக்குகளைப் பதிந்தது. விலை 4,000 டாலருக்குள். பதினாறு இயந்திரங்களைக் கோத்தால் 128 டிராக். அதே ஆண்டில்தான் கோடம்பாக்கத்தில் வீட்டுப் புறக்கடையில் எழுந்த ஸ்டுடியோவிலிருந்து ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' பாடல்கள் வெளியே வந்தன.

மோட்டார் ஃபேடரை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்தது யமஹா. 1994இல் அதன் புரோமிக்ஸ் 01 ஏறக்குறைய 2,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே 02ஆர். இந்த மிக்ஸர்களில் மைக் ஒலி உள்ளே நுழைந்ததும் எண்களாகிவிடுகிறது. கூட்டல், குறைத்தல், எதிரொலி எல்லாம் சிப்புக்குள் நடக்கும் கணக்கு. ஃபேடர் வழியாக ஒலி ஓடுவதில்லை, 'இவ்வளவு' என்ற கட்டளை மட்டுமே போகிறது. அதனால்தான் பின்னர் வந்த மேசைகளில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அதே ஃபேடர்கள் சரசரவென்று ஓடி அடுத்த சேனல் தொகுதியின் அளவுகளில் போய் நிற்கின்றன. முதன்முதலில் பார்ப்பவருக்கு மேசைக்குள் ஆள் இருப்பதுபோல் தோன்றும்.

பிறகு கலவை வேலை முழுவதும் கணினிக்குள் போனது. அங்கே கிடைத்த கருவி மௌஸ். ஒரு நேரத்தில் ஒரே ஃபேடர்! டவுட் ஒழித்த பழைய தடை திரும்பி வந்துவிட்டது. 1990களின் இறுதியில் மாக்கி, டிஜிடிசைன் என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து ஹெச்யூஐ என்ற மேசையை உருவாக்கியதன் காரணம் இதுதான். பார்க்க மிக்ஸர் மாதிரியே இருக்கும். ஆனால் கலக்கும் வேலை முழுவதும் கணினிக்குள். எட்டு மோட்டார் ஃபேடர்கள் திரையிலுள்ள எட்டு ஃபேடர்களுக்குக் கைப்பிடிகள், அவ்வளவுதான். டிஜிட்டல் மிக்ஸருக்கும் 'கன்ட்ரோல் சர்ஃபேஸ்' எனப்படும் இத்தகைய மேசைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். கணினியை அணைத்தாலும் முன்னது பாடும்; பின்னது ஊமையாகிவிடும். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

கைக்கும் கணினிக்கும் இடையில் ஓடும் மொழி 1983இல் பிறந்த மிடி. சாதாரண மிடிக் கட்டளைக்கு 128 படிகள்தான். மெல்ல இறங்கும் ஃபேடருக்கு அது போதாது, ஒலி படிப்படியாக இறங்குவது காதில் தட்டும். அடுத்து வந்த மாக்கி கன்ட்ரோல் ஒரு குறுக்குவழி கண்டது: கீபோர்டில் சுருதியை வளைக்க வைத்திருந்த கட்டளையை ஃபேடருக்கு எடுத்துக்கொண்டது. அதில் 16,384 படிகளுக்கு இடமுண்டு.

ஹெச்யூஐ மேசையின் தயாரிப்பு நின்று வெகுகாலமாகிறது. அதன் மொழியை மட்டும் பல கம்பெனிகளின் மேசைகள் இன்றும் பேசுகின்றன. ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை கணினி 'இருக்கிறாயா?' என்று கேட்கும். மேசை 'இருக்கிறேன்' என்று பதில் அனுப்பும்.