கேட்டவர்களின் வரலாறு

நான் குடியிருக்கும் ஊரின் பெயர் மிச்சம். தென் இலண்டனில், ரூட்டிங்குக்கும் குறொய்டனுக்கும் நடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கதைக்கும் உறவினர்கள், "போனது போக மிச்சத்திலை இருக்கிறியள்" என்று பகிடி விடுவார்கள். அம்மா இங்கே வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்தில் எனக்கு அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. "நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது மோனை" என்பார். வைத்தியரிடம் அதை நெஞ்சுவலி என்று மொழிபெயர்த்தேன். இதயத்தைச் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு உளச்சிகிச்சைச் சேவை ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. கடந்த இரண்டு கிழமைகளில் மனம் சோர்ந்திருந்ததா என்று கேட்டார்கள். அம்மா, "ஆருக்குத்தான் இல்லை?" என்றார். நான் அதைச் சுருக்கி, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னேன். 1996இல் காணாமற்போன சின்ன மாமாவைப் பற்றி அம்மா ஒரு வசனம் தொடங்கினார். உடனே, "இதை அவைக்குச் சொல்லாதை" என்றார். நான் சொல்லவில்லை. புள்ளிகள் குறைவாக வந்தன. சிகிச்சை தேவையில்லை என்று கடிதம் வந்தது.

கடிதத்தோடு ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தது. உளப்பகுப்பாய்வு, அறிகை நடத்தைச் சிகிச்சை, குழுச் சிகிச்சை, கதைகூறல் சிகிச்சை என்று உணவகப் பட்டியல் போல அடுக்கியிருந்தார்கள். நான் கணினித் துறையில் ஆலோசகன். யாராவது ஒரு மென்பொருளை என் முன்னே வைத்தால், இது முதலில் யாருக்காக, எந்தச் சிக்கலுக்காகச் செய்யப்பட்டது என்றுதான் கேட்பேன். அதே கேள்வியோடு இந்தப் பட்டியலையும் வாசிக்கத் தொடங்கினேன்.

முதலாவது பெயர் வியன்னாவுக்குக் கொண்டுபோனது. 1895இல் யோசப் புரொயரும் சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் ஆனா ஓ. என்ற மாற்றுப்பெயரோடு ஒரு பெண் வருகிறார். தனக்கு நடந்த வைத்தியத்துக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவர் அந்த நோயாளிதான். பின்னர் நாஸிகள் வியன்னாவுக்குள் நுழைய, பிராய்ட் 1938 யூனில் ஓர் அகதியாக இலண்டன் வந்தார். ஹாம்ஸ்ரெட்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே ஒரு தந்த விஷ்ணு சிலை இருக்கிறது. கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், பிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்குச் சங்கத்தின் சார்பில் 1931இல் அனுப்பிய பரிசு அது. சிலையை அனுப்பிய போஸ், தன் இந்திய நோயாளிகளிடம் பிராய்ட் சொன்னவை எல்லாம் அப்படியே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். வைத்தியம் கடல் கடந்தால் அதைத் திருத்தவேண்டி வரும் என்பதை அவர் அன்றே கண்டுவிட்டார்.

அடுத்த பெயர் டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ். இவரை நாங்கள் வேறொரு வழியிலும் அறியலாம். 1901-02இல் நீலகிரிக்குப் போய்த் தோடர்களோடு இருந்து, அவர்களுடைய உறவுமுறைகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். அந்த நூல் 1906இல் வந்தது. பத்து வருடம் கழித்து, முதலாம் உலகப்போரில், எடின்பரோவின் கிறெய்க்லொக்காட் இராணுவ வைத்தியசாலையில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அதே காலத்தில் இலண்டன் குயீன் ஸ்குவெயரில் லூயிஸ் யீலண்ட் என்ற வைத்தியர், வாய் பேசாமற்போன படைவீரர்களுக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். 'மறந்துவிடு' என்பதே அன்றைய பொது அறிவுரை. றிவர்ஸ் அதை மறுத்தார். நண்பன் குண்டில் சிதறிப்போனதை ஒவ்வோர் இரவும் கனவில் கண்டு அலறிய ஓர் அதிகாரியிடம், அந்த நண்பன் வலி உணரும் முன்பே இறந்திருப்பான் என்பதை எடுத்துச் சொன்னார். அதன் பின் வந்த கனவில் அந்த அதிகாரி உடலருகே முழந்தாளிட்டு, வீட்டாருக்குக் கொடுப்பதற்காக நண்பனின் பொருட்களைச் சேகரித்தாராம். நினைவு போகவில்லை. ஆனால் அதோடு இருக்க முடிந்தது. இதை றிவர்ஸ் 1917 டிசெம்பரில் இலண்டனில் வாசித்த கட்டுரையில் பதிவுசெய்திருக்கிறார்.

மூன்றாவது பெயர் எங்கள் அயலிலேயே இருந்தது. மிச்சத்திலிருந்து சற்றுத் தெற்கே போனால் சட்டன். அங்கே பெல்மொன்ற் வைத்தியசாலையில் 1947இல் மக்ஸ்வெல் ஜோன்ஸ் ஒரு பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவர் போரிலிருந்து திரும்பிய கைதிகளோடு வேலை செய்தவர். ஒருவரை வைத்தியர் மாற்றுவதைவிட, ஒருவரையொருவர் கேட்கும் கூட்டமே மாற்றுகிறது என்று கண்டார். அவருடைய பிரிவில் வைத்தியரும் தாதியும் நோயாளரும் தினமும் ஒரே வட்டத்தில் இருந்து கதைத்தார்கள். 1959இல் ஹென்டர்சன் வைத்தியசாலை என்று பெயர் மாறிய அந்த இடம் 2008இல் மூடப்பட்டது.

மூடப்பட்ட அதே 2008இல்தான், அம்மாவுக்கு ஒன்பது கேள்வி கேட்ட ஏற்பாடு இங்கிலாந்து முழுக்கப் பரவத் தொடங்கியது. அதன் நடுவில் இருப்பது அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் பிலடெல்பியாவில் ஏரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவராகவே தொடங்கினார். மனச்சோர்வு உள்ளவரின் தலைக்குள் ஓடும் 'நான் உதவாதவன்', 'இனி ஒன்றும் சரிவராது' போன்ற எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மையா என்று நோயாளரோடு சேர்ந்து சோதித்தார். குறைந்த அமர்வுகள், வீட்டுப்பாடம், அளக்கக்கூடிய பலன். பொருளியலாளர் றிச்சர்ட் லயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் இதை அரசுக்கு எடுத்துச் சொன்னார்கள். 2006இல் வெள்ளோட்டம் நடந்த இரண்டு இடங்களில் ஒன்று நியூஹாம். ஈஸ்ட்ஹாம் தமிழ்க் கடைகள் உள்ள அதே நியூஹாம். பல இலட்சம் பேருக்கு இலவசமாக ஒரு கதவு திறந்தது. 2023இல் அந்தச் சேவைக்கு 'பேச்சுச் சிகிச்சைகள்' என்றே பெயர் வைத்தார்கள். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அளவுகோல் மொழியில்தான் நிற்கிறது. "பெருமூச்சு", "ஏக்கம்", "நெஞ்சடைப்பு" என்று உடம்பாலே கதைக்கும் ஒருவருக்கு அந்த ஒன்பது கேள்விகளில் இடம் குறைவு.

இதே இலண்டனில் வேறுவிதமாகக் கேட்டவரும் இருந்தார். ஹெலன் பாம்பர், இருபது வயதில், 1945இல், பெல்சன் முகாமுக்கு நிவாரணப் பணிக்குப் போனவர். அங்கே தப்பிப் பிழைத்தவர்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்பதைத் தவிர வேறு உதவி செய்யமுடியாத நேரங்கள் உண்டு என்பதை அங்கேதான் படித்தார். 1985இல் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் இயங்குகிறது. அதன் கதவைத் தட்டியவர்களில் ஈழத்தமிழர் பலர்.

வாசித்துக்கொண்டு போக ஒன்று தெளிவானது. இந்தப் பட்டியலில் பாதி, போர்களின் பிள்ளை. அப்படியானால் எங்கள் போர் எங்கே?

அதுவும் இருக்கிறது. குண்டுவீச்சும் இடப்பெயர்வும் நடந்த வருடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைசெய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், 1998இல் தமிழர் மனங்களின் வடுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்கள், இலட்சக்கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள். ஐம்பது நிமிடக் கதிரை வைத்தியம் அங்கே கணக்குக்கே வராது. ஆகவே ஆசிரியர்கள், கிராமப் பணியாளர்கள் போன்றோருக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப்பயிற்சி, யோகாசனம், சாந்தியாசனம் என்பவற்றோடு, அவரவர் சமயச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை ஆறவிடும் முறையையும் சேர்த்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றதே, அந்த இரவில் பதினைந்து வயதில் நானும் நின்றேன். அது தனியொருவரின் காயமல்ல. காயப்பட்டது குடும்பமும் ஊரும் என்று சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரையை வாசித்தபோது, அந்தப் பாலத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது போல இருந்தது.

இன்னொரு ஆய்வும் இருக்கிறது. கதைகூறல் சிகிச்சையை ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்தார்கள். பினோசே காலத்துச் சிலியில் சித்திரவதைக்கு உள்ளானவர்களின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்து கையில் கொடுத்த முறை அதற்கு ஒரு வேர். நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அது வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக, நடந்த ஒழுங்கில், கதை சொல்லவேண்டும். சொல்லியதை எழுதி, கடைசி நாளில் சொன்னவரிடமே கொடுப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, வடகிழக்கில் ஒரு முகாமில், போரும் கடலும் பாதித்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த முறையும் மறு பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு அமர்வுகள். கொடுத்தவர்கள் உள்ளூரில் பயிற்றப்பட்டவர்கள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், இரண்டு முறைகளுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அது காட்டவில்லை. ஆனால் என் கேள்விக்கு அது பதில் சொன்னது. இரண்டு பகுதியிலும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். இடையில் பிழையாக மொழிபெயர்க்க ஒரு மகன் இருக்கவில்லை.

நான் மறுபடியும் விண்ணப்பித்தேன். இங்கிலாந்தில் இந்தச் சேவைக்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நாங்களே பதியலாம். மொழிபெயர்ப்பாளரும் இலவசம், கேட்கவேண்டும். நான் கேட்டேன். வீட்டாள் வேண்டாம், தமிழ் கதைக்கும் ஒரு பெண் வேண்டும் என்று எழுதினேன்.

இரண்டாம் முறை நான் வெளியே, மண்டபத்துக் கதிரையில் இருந்தேன். கிழமைக்கு ஒருநாள். ஒரு தடவை அம்மா கையில் ஒரு சின்னக் கல்லோடு வெளியே வந்து, திரும்பிப் போய் அதை உள்ளே வைத்துவிட்டு வந்தார். காரில் ஒன்றும் கதைக்கவில்லை. நெஞ்சடைப்பு முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். விடிய நாலு மணிக்குக் குசினியில் லைற் எரிவது குறைந்தது.

கடைசி நாள் அம்மா ஒரு கடித உறையோடு வந்தார். "இதிலை தம்பியின்ரை பேர் இருக்கு" என்றார். சின்ன மாமாவைத்தான் சொன்னார். அந்த உறை இப்போது அலுமாரியில், கடவுச்சீட்டுகளோடு இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. அது எனக்குச் சொன்ன கதை அல்ல.