கேமரன் மலையில் ஒரு முனகல்: சுழல்தண்டின் வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் கேமரன் மலையிலுள்ள என் தாய்மாமா இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவரிடம் ஒரு பழைய லேண்ட் ரோவர் உள்ளது. சீரிஸ் 2ஏ எனப்படும் அவ்வகை 1961 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. கோசும் தக்காளியும் ஏற்றுவது அதன் அன்றாட வேலை. மழைக் காலத்தில் பாதை சேறாகும்போது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்து நிற்குமிடம் வரை கொண்டு சேர்ப்பதும் அவ்வண்டிதான்.

சில வாரங்களாக அது முனகத் தொடங்கியிருந்தது. மெதுவாகச் செல்லும்போது ‘கீச் கீச்’ என்ற ஒலி. புறப்படும்போது அடியில் ‘டங்’ என்ற ஓர் அடி. நகரத்துப் பட்டறை ஒன்றில் கழற்றிப் பார்த்துப் பூட்டிவிட்டு, கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டனர். அவர்கள் கேட்ட தொகை மாமாவின் இரண்டு மாத வருமானத்தை விஞ்சியது. போதாக்குறைக்கு, வண்டி அங்கிருந்து திரும்பிய பின் வேகம் கூடும்போது தரையே அதிரத் தொடங்கியது.

“இனி வித்துட வேண்டியதுதான் மாப்ள,” என்றார் மாமா. அவர் குரலில் இருந்த வருத்தம் வண்டிக்காக மட்டுமன்று; அதை நம்பியிருந்த பிள்ளைகளுக்காகவும்தான்.

மலைக்கு வந்த வண்டி

இவ்வண்டி மலைக்கு வந்த கதையைச் சற்றே நினைவுகூர்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஓட்டிய அமெரிக்க ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு, அலுமினியக் கலவையால் உடல் அமைத்த வண்டி ஒன்றை உருவாக்கினார். அது 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பிரிட்டிஷ் படையினர் இங்கு லேண்ட் ரோவர்களைப் பயன்படுத்தினர்.

கேமரன் மலையிலோ 1929-இலேயே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. நம் முன்னோர் பலர் அம்மலைத் தோட்டங்களில் உழைத்தனர். செங்குத்தான மண் பாதைகளுக்கு நாற்சக்கர இயக்கம் பொருந்தியதால், பழைய லேண்ட் ரோவர்கள் அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் நிலைத்துவிட்டன. அந்த மரபில் வந்த டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் நின்றது. ஆயினும் மலையில் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

சக்கரத்தோடு நடந்தவர்

மறுநாள் காலை, தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை மாமா அழைத்து வந்தார். அவர் எந்தத் திருகியையும் கையில் எடுக்கவில்லை. சமதரையில் வண்டியை நடை வேகத்தில் ஓட்டச் சொன்னார். தாம் பின்சக்கரத்தின் அருகிலேயே நடந்தார். சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டிருந்தார்.

“எண்ணுங்க தம்பி,” என்றார் என்னிடம்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கைந்து கீச்சொலிகள் கேட்டன. கியரை மாற்றி அதே வேகத்தில் ஓட்டியபோதும் ஒலிகளின் இடைவெளி மாறவில்லை. இதன் பொருள் என்ன? ஒலி இயந்திரத்தின் வேகத்தைப் பின்பற்றவில்லை. ஆகவே மாற்றச் சொன்ன கியர்களின் மீது ஐயம் குறைகிறது. சக்கரத்துக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்கவுமில்லை. ஆகவே சக்கரத்தின் மீதும் ஐயம் குறைகிறது. இவ்வண்டியில் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குச் சுழல்தண்டு 4.7 முறை சுற்றும். நாங்கள் எண்ணியது தண்டின் சுற்றுகளையே!

பிறகு சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டைகளை வைத்தார். “இதுல கைபிரேக்க நம்பக் கூடாது,” என்றார். காரணமுண்டு. இவ்வகை வண்டியில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, பின்சுழல்தண்டைப் பிடிக்கிறது. அத்தண்டைக் கழற்றிவிட்டால் கைபிரேக் இருந்தும் இல்லாததே. மலைச்சரிவில் இதை மறந்தவர் உயிருக்கே ஆபத்து.

வண்டியடியில் புகுந்து தண்டை இருபுறமும் திருகிப் பார்த்தார். பின்மூட்டு ஆடியது, அதன் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தது. கிரீஸ் வறண்டு, உள்ளிருக்கும் ஊசி உருளைகள் தேய்ந்ததன் அடையாளம் அது. கீச்சொலிக்கும் ‘டங்’ ஒலிக்கும் விடை கிடைத்தது. அதிர்வுக்கு?

ஹூக்கின் கண்டுபிடிப்பு

இங்குதான் வரலாறு துணைக்கு வருகிறது. சாய்ந்திருக்கும் இரு தண்டுகளைக் குறுக்கு வடிவ மூட்டால் இணைக்கும் முறையை இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக் 1670-களில் விளக்கி எழுதினார். இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும் அம்மூட்டு அழைக்கப்படுகிறது. அதற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. முதல் தண்டு சீராகச் சுழன்றாலும், இரண்டாம் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரைந்து, இரு முறை தயங்கும். சாய்வு 10 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையானால் 6 விழுக்காட்டைத் தாண்டும்.

தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகளை ஒரே சாய்வில் அமைத்து, அவற்றின் கவைகளையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்தால், ஒன்றின் தயக்கத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். 1903-இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிக்கான மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பல வண்டிகளில் அன்று சங்கிலி செய்த வேலையைப் பின்னர்ச் சுழல்தண்டு ஏற்றது.

மாமாவின் வண்டியில் கவைகள் நேர்க்கோட்டில் இல்லை. பட்டறையில் தண்டைக் கழற்றி மீண்டும் பூட்டியவர், பற்களை இடம் தள்ளிப் பொருத்தியிருந்தார். ஹூக் விளக்கிய அந்தக் குணமே வண்டியை அதிரச் செய்தது.

பெரியவர் புதிய குறுக்கு மூட்டைப் பொருத்தினார், கவைகளை நேராக்கினார். தண்டில் ஓர் அடையாளக் கோடும் இட்டார், அடுத்தவர் தவறாமலிருக்க. செலவு, கியர் பெட்டிக்குக் கேட்ட தொகையில் மிகச் சிறு பகுதியே. புறப்படும்போது மெல்லிய ‘டங்’ இன்னும் சற்றுக் கேட்கிறது. “அது வயசு,” என்று சிரித்தார் அவர். அடுத்த திங்களன்று பிள்ளைகள் வழக்கம்போல் அவ்வண்டியிலேயே சென்றனர்.

ஹூக்கின் பெயரை அப்பெரியவர் கேட்டதில்லை. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால், முடிவு சொல்லும் முன் கேட்கவும், எண்ணவும், ஒவ்வொன்றாக விலக்கவும் அறிந்தவர். வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறும்போது, ‘இவனுக்குக் கணக்கே வராது’ என்று நாமும் கியர் பெட்டியையே குறை சொல்லிவிடுகிறோமோ என்ற எண்ணம் மலையிறங்கும்போது என்னை உறுத்தியது. எங்கோ ஒரு சிறு மூட்டுதான் வறண்டிருக்கக்கூடும்.

அடுத்த முறை விகிதம் கற்பிக்கும்போது, ஒரு மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியடியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்த விகிதம் எளிதில் மறக்காது.