ஃப்ரீசர் பனி நீக்கம்

வீட்டு பிரிட்ஜின் உறைநிலை அறையில் குளிர்த்தகடுகளின் மேல் படியும் பனியை உருக்கி அகற்றும் பராமரிப்புப் பணி ஃப்ரீசர் பனி நீக்கம் எனப்படும். பனி 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனை எட்டும்போது இதைச் செய்ய வேண்டும்.

காரணம்

30 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 பாகையில் அதே அளவு காற்று 1 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். கதவைத் திறக்கும்போது புகும் காற்றின் ஈரம் தகட்டில் பனியாக உறைகிறது. மூடாத பாத்திரம், ஆறாத குழம்பு, தளர்ந்த கதவு ரப்பர் ஆகியவையும் பனியைப் பெருக்கும்.

தென்காசி மாவட்டத்தில் இதற்குப் பருவமும் துணைபோகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி போன்ற மலையடிவார ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று ஈரமாக இருக்கும். இம்மாதங்களில் பனி விரைந்து தடிக்கும்.

பனிக்குள் காற்று சிக்கியிருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே கம்ப்ரசர் நெடுநேரம் ஓடி மின்செலவு கூடும்.

வகைகள்

டைரக்ட் கூல் வகையில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திருகின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கம்ப்ரசர் நிற்கும். பனி உருகியதும் பொத்தான் தானே வெளிவந்து, கம்ப்ரசர் மீண்டும் ஓடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் ஒரு ஹீட்டர் அவ்வப்போது இயங்கிப் பனியை உருக்குகிறது. இவ்வகையில் பனி கட்டியாகச் சேர்ந்தால் ஹீட்டர், சென்சார், வடிகுழாய், கதவு ரப்பர் ஆகியவற்றில் ஏதேனும் பழுதாகியிருக்கலாம்.

விரைவாக நீக்கும் முறை

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உணவுப் பொருள்களை வெளியே எடுக்க வேண்டும். தரையில் பழைய துணியை விரித்து, ஃப்ரீசருக்குள் மடித்த துண்டின் மேல் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். சூடான பாத்திரம் நேராகப் பிளாஸ்டிக்கில் பட்டால் அது நெளியும்.

80 பாகைச் சூட்டிலுள்ள 1 லிட்டர் நீர் 0 பாகைக்கு ஆறும்போது விடும் வெப்பம் சுமார் 1 கிலோ பனியை உருக்கப் போதுமானது. நீரிலிருந்து எழும் ஆவி பனியில் பட்டு நீராகும்போது அந்த வெப்பத்தைப் பனிக்குக் கொண்டுசேர்க்கும். நீர் ஆறியதும் மாற்றலாம். கதவைத் திறந்துவைத்து, சிந்தும் நீர் எட்டாத தொலைவில் டேபிள் ஃபேனை வைத்து அறைக்காற்றை உள்ளே செலுத்துவதும் உதவும். இளகிய பனியைக் கையாலோ மர அகப்பையாலோ எடுத்து, உள்ளே ஈரம் போகத் துடைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு உடனே செருகாமல் ஐந்து நிமிடமாவது விடுவது கம்ப்ரசருக்கு நல்லது.

மின்வாரியம் முன்னறிவிப்புடன் செய்யும் பராமரிப்பு மின்தடை நாளில் இதைச் செய்யலாம். அன்றும் பிளக்கைப் பிடுங்கியே வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

கத்தி, ஸ்க்ரூடிரைவர் போன்றவற்றால் பனியைக் குத்தக்கூடாது. தகட்டுக்குள் குளிர்ப்பான் வாயு ஓடுகிறது. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ வாயு தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். ஓட்டை விழுந்தால் வாயு கசிந்து பிரிட்ஜ் குளிராமல் போவதுடன் தீ அபாயமும் உண்டு. சீறும் ஒலி கேட்டால் அருகிலுள்ள ஸ்விட்சைத் தொடாமல், தீயை அண்டவிடாமல், ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ஈரமுள்ள இடத்தில் ஹேர் டிரையர் மின்னதிர்ச்சி தரலாம். பனியை உருக்க உப்பைத் தூவினால் அது அலுமினியத்தை அரிக்கும்.

உணவுப் பாதுகாப்பு

மீன், இறைச்சியை நெருக்கமாக அடுக்கி, ஐஸ் பெட்டியிலோ செய்தித்தாளில் கனமாகச் சுற்றியோ வைக்கலாம். பனித்துகள் கரையாமல் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். 5 பாகைக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவற்றைக் கொட்டிவிட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18 பாகைக்குக் குளிர்ந்த பின் பொருள்களை அடுக்குவது நல்லது.

தடுப்பு

ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தாள் தடையின்றி வரும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றுவதும், உணவை ஆறவைத்து மூடி வைப்பதும், கதவை அடிக்கடி திறக்காமல் இருப்பதும் பனி சேர்வதைக் குறைக்கும்.