பெர்மிட் காலத்து வீடு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், ஜவ்வாது மலை பக்கத்தில் இருக்கிறது கணியம்பாடி. அங்கே 1952-ல் கட்டிய ஒரு வீட்டைப் புதுப்பிக்கப் பேச்சு. வீடு என் நண்பரின் அப்பா கட்டியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த நண்பரின் மகனுக்குப் பெரிய ஹால் வேண்டும், அட்டாச்டு பாத்ரூம் வேண்டும்.

"நடுச்சுவரை எடுத்துட்டா போதுமே, மேஸ்திரி?"

"தாராளமா எடுக்கலாம் தம்பி. கூரையை யாரு புடிச்சிக்கிறது... நீங்களா?"

கிண்டலில்லை. அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மரக்கட்டைகள். அதன் மேல் மூலைவாக்கில் குத்துக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல். அதற்கும் மேலே சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு. 'மெட்ராஸ் டெரஸ்' என்பது இதுதான். கான்கிரீட் தூண் ஒன்றுகூடக் கிடையாது. கட்டைகளின் முனை உட்கார்ந்திருப்பதே அந்த நடுச்சுவரில்தான்!

ஏன், 1952-ல் சிமெண்ட் இல்லையா? டால்மியாபுரத்தில் 1939-லேயே ஆலை வந்தாச்சு. ஆனால் இரண்டாம் உலகப்போரில் சர்க்கார் சிமெண்ட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததும், பர்மா தேக்கு வரத்தும் நின்றுபோனது. போர் முடிந்தும் பிடி விடவில்லை. அணைக்கும் ஆலைக்கும் போன மிச்சம்தான் சாமானியனுக்கு, அதுவும் பெர்மிட்டோடு! (போரில் ஜெயித்த பிரிட்டனிலேயே 1954 வரை வீடு கட்ட லைசென்ஸ் வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.) இங்கே 1966-ல் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கினார்கள். சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகியது 1982 ஜனவரியில். அடுத்த மாதமே பாதிக் கட்டுப்பாடு போனது. முழுசாகப் போக 1989 ஆனது.

ஆக, நம் ஊர் மேஸ்திரிகள் பலர் சுண்ணாம்பை நம்பியது பழமைப்பற்றால் மட்டுமல்ல. மூட்டை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்!

இன்றைக்கு அந்தச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் என்னாகும்? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமெண்ட் அதன் மூக்கைப் பொத்திவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொத்துப்பொத்தாக உதிரும். 'பழைய வீடு சார், உழைக்கலை' என்போம்.

கடைசியில் நடுச்சுவர் தப்பித்தது. மேலே முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றி, ஆறடி அகலத்துக்கு மட்டும் திறப்பு. பாத்ரூம் கொல்லைப் பக்கம், தனிச் சுவரோடு. பூச்சு சுண்ணாம்பில்தான் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

பெங்களூர்த் தம்பி இப்போது வேலூரில் நாட்டு மருந்துக் கடைகளாக ஏறி இறங்குகிறார், கடுக்காய்க்கு.