சோம்பேறி வாயு செய்யும் வேலை

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் கிரேவே என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் ஒயின் கடை ஒன்றில், சுவை பார்க்க வருவோர் தாமே ஊற்றிக்கொள்கிறார்கள். முன்பணம் கட்டி வாங்கிய அட்டையை இயந்திரத்தில் செருகிப் பொத்தானை அழுத்தினால், சில மில்லிலிட்டர் ஒயின் மட்டும் குழாய் வழியே கிண்ணத்தில் விழும். அதற்குரிய தொகை அட்டையில் குறையும். மதுவின் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அந்த இயந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல் வரலாற்றைத்தான் காணப்போகிறோம்.

காசுக்கு ஏற்ற அளவு நீர்மம் தரும் கருவி புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்னும் அறிஞர், கோயில்களுக்காக அத்தகைய கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். நாணயம் உள்ளே விழுந்ததும் நெம்புகோலின் ஒரு முனை தாழும். மறுமுனை உயர்ந்து வால்வைத் திறக்கும். புனித நீர் வழியும். நாணயம் சறுக்கி விழுந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். எவ்வளவு எளிமை, பார்த்தீர்களா?

ஆனால், தண்ணீருக்கு இல்லாத சிக்கல் ஒன்று ஒயினுக்கு உண்டு. திறந்த புட்டி சில நாட்களிலேயே சுவை கெட்டுவிடும். இதன் காரணத்தை ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். ஒயின் கெடுவதில் நுண்ணுயிர்களுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கும் உள்ள பங்கை 1866-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். காற்றுப் பட்டால் சில பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக மாற்றி, ஒயினைக் காடியாக்கிவிடும். நறுக்கிய கத்திரிக்காய் கறுக்காமலிருக்க வீட்டில் தண்ணீரில் போடுகிறார்களே, அதுவும் காற்றை விலக்கும் உபாயம்தான். ஒயினைத் தண்ணீரில் போட முடியுமா? எதனுடனும் வினைபுரியாத ஒரு வாயுவால் அதைப் போர்த்த வேண்டும்.

அப்படிப்பட்ட வாயு நம்மைச் சுற்றியே இருந்தது. 1785-இல் ஹென்றி காவண்டிஷ் காற்றில் மின்பொறிகளைச் செலுத்தி, அதிலிருந்த நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அகற்றிப் பார்த்தார். முடிவில் ஒரு சிறு குமிழி மட்டும் எஞ்சி நின்றது. அது நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேலில்லை என்று குறித்து வைத்தார். அந்தக் குமிழி என்ன என்பது நூறாண்டுகளுக்கு மேல் தெரியவில்லை.

பிறகு வந்தார் ராலே பிரபு. அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்றது 1.2505 கிராம். வேறுபாடு 7 மில்லிகிராம்கூட இல்லை! ஆனால், எத்தனை முறை அளந்தாலும் அது மறையவில்லை. 1892-இல் ‘நேச்சர்’ இதழில் அந்தப் புதிரை வெளியிட்டு, விளக்கம் கூற முடியுமா என்று வேதியியலாரைக் கேட்டார். வில்லியம் ராம்சே துணைக்கு வந்தார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மீது மீண்டும் மீண்டும் செலுத்தினார். நைட்ரஜன் முழுவதும் மக்னீசியத்துடன் சேர்ந்துவிட, எஞ்சி நின்றது புதிய வாயு. 1894-இல் இருவரும் அதனை உலகுக்கு அறிவித்தனர். எதனுடனும் சேராத அதற்கு, ‘சோம்பேறி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1904-இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

இப்போது அந்த ஒயின் இயந்திரத்துக்குத் திரும்புவோம். புட்டியின் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். மேலே காலியான இடத்தில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் அழுத்தத்துடன் புகுத்தப்படும். பம்ப் அடித்ததும் மண்ணெண்ணெய் மேலேறும் அடுப்பை அறிவீர்கள் அல்லவா? அவ்வாறே வாயு அழுத்த, ஒயின் குழாயில் ஏறி வெளிவருகிறது. வெளியேறிய ஒயினின் இடத்தை அதே வாயு நிரப்புவதால் காற்று உள்ளே நுழைவதில்லை. ஊற்றுவதும் காப்பதும் ஒரே வாயுவின் வேலை! இதனால் திறந்த புட்டி சில வாரங்கள்கூடக் கெடாமலிருக்கிறது.

மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் உங்கள் விடை அரை சதவீதம் விலகினால் என்ன செய்வீர்கள்? ‘சோதனைப் பிழை’ என்று எழுதிக் குறிப்பேட்டை மூடிவிடுவது எளிது. ராலே கண்ட வேறுபாடும் ஏறக்குறைய அரை சதவீதம்தான். அடுத்த முறை மூடுவதற்கு முன் இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.