ஹீட் வேண்டாம்.. சீப்பும் விரலும் போதும்! 1920-களின் 'ஃபிங்கர் வேவ்' கூந்தல் அலங்காரம் செய்வது எப்படி?

நெற்றியை ஒட்டி அலை அலையாகப் படிந்திருக்கும் கூந்தல். 'தி கிரேட் கேட்ஸ்பி', 'டவுன்டன் அபே' மாதிரி பழைய காலத்தைக் காட்டும் படங்களிலும் தொடர்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ரெட்ரோ போட்டோஷூட், கல்லூரி நாடகம் என்று இந்த லுக்கை முயற்சி செய்பவர்களில் பலர் முதலில் தேடுவது கிரிம்பிங் மெஷினைத்தான். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. இந்த அலைக்குச் சூடு தேவையே இல்லை.

மூன்றும் ஒன்றா?

இல்லை. கிரிம்பிங் என்பது நெருக்கமான, குட்டிக் குட்டி மடிப்புகள். ஈர முடியை மெல்லிய பின்னல்களாகப் போட்டு, காய்ந்ததும் பிரித்தாலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும்.

மார்செல் வேவ் என்பது சூடான இரும்பு இடுக்கியால், காய்ந்த முடியில் போடும் அலை. பாரிஸைச் சேர்ந்த சிகையலங்காரக் கலைஞர் மார்செல் கிராட்டோ 1872-ல் இதை உருவாக்கினார். அன்று இடுக்கியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது. தீயில் காட்டிய இடுக்கியை முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் கருகினால் முடியும் கருகும் என்று அர்த்தம்.

ஃபிங்கர் வேவ் முழுக்க ஈர முடியில், விரலாலும் சீப்பாலும் போடும் அலை. 1920-களிலும் 30-களிலும் இது உச்சத்தில் இருந்தது. பாரிஸ் மேடைகளைக் கலக்கிய ஜோசஃபின் பேக்கரின் தலையோடு ஒட்டிய கூந்தல் அந்தக் காலத்தின் அடையாளங்களில் ஒன்று.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பேசப்பட்டது?

இடுப்பு வரை முடி வளர்த்த பெண்கள், காது வரை 'பாப்' வெட்டிக்கொள்ள ஆரம்பித்த காலம் அது. வீட்டிலும் வெளியிலும் பெரிய சர்ச்சை. அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஒரு பெண் முடி வெட்டிக்கொள்வதை மையமாக வைத்தே 1920-ல் ஒரு சிறுகதை எழுதினார். அப்படி வெட்டிய குட்டை முடியை அழகாகப் படிய வைக்கத்தான் இந்த அலைகள் கைகொடுத்தன.

சூடு இல்லாமல் அலை எப்படி நிற்கிறது?

முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுப்போகும், காய்ந்தால் மறுபடி சேரும். ஈரமாக இருக்கும்போது எந்த வடிவத்தில் வைக்கிறோமோ, காயும்போது அதே வடிவத்தில் முடி நின்றுவிடும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கொண்டையோடு தூங்கினால் காலையில் முடி வளைந்திருப்பதும் இதனால்தான். மறுபடி தண்ணீர் பட்டால் அலை போய்விடும்.

என்னென்ன தேவை?

வால் சீப்பு, நீளமான கிளிப்புகள், ஹேர் நெட், ஜெல். ஜெல்லை வீட்டிலேயே செய்யலாம். கால் கப் ஆளி விதையை 2 கப் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறினால் கெட்டியாகி வடியாது. அன்றைய பெண்களும் ஆளி விதை ஜெல்லைப் பயன்படுத்தினார்கள். கடைகளில் விற்ற வேவ் லோஷன்களில் இந்தியாவில் இருந்து போன கராயா பிசினும் சேர்க்கப்பட்டது.

செய்முறை: படிப்படியாக

1. தலைக்குக் குளித்து, சிக்கெடுத்து, ஓர வகிடு எடுங்கள். முடி சொட்டச் சொட்ட இல்லாமல், நன்றாக ஈரமாக இருக்க வேண்டும். வேர் முதல் ஜெல் தடவிப் படிய வாருங்கள்.

2. வகிட்டில் இருந்து ஒன்றரை அங்குலம் கீழே, ஆள்காட்டி விரலைப் படுக்கை வசமாக முடி மேல் அழுத்தி வையுங்கள்.

3. விரலுக்குச் சற்றுக் கீழே சீப்பை நுழைத்து, முடியை ஓர் அங்குலம் முகத்தை நோக்கித் தள்ளுங்கள். விரலை ஒட்டி ஒரு மேடு எழும்பும்.

4. அந்த மேட்டை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து, தலையோடு அழுத்துங்கள். மேலே இழுக்க வேண்டாம், இழுத்தால் மேடு கலைந்துவிடும். அப்படியே கிளிப் போடுங்கள்.

5. கீழே மீதி இருக்கும் முடியை எதிர்ப்பக்கமாக வாரி, ஒன்றரை அங்குலம் தள்ளி அடுத்த மேட்டைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். முன்னே, பின்னே என்று மாறி மாறிப் போனால்தான் 'எஸ்' வடிவம் கிடைக்கும். இரண்டு மேட்டையும் ஒரே பக்கம் தள்ளினால் அலை வராது.

6. நுனிமுடியைச் சுருட்டிப் பின் போட்டு, மேலே நெட் கட்டி, முழுசாகக் காய விடுங்கள்.

சொதப்புவது எங்கே?

பெரும்பாலும் கடைசிப் படியில்தான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு கிளிப்பை எடுத்தால் மொத்த உழைப்பும் வீண். அடர்த்தியான முடிக்குப் பல மணி நேரம் ஆகலாம். முதல் நாள் இரவே போட்டுவிடுவது நல்லது. டிரையர் பயன்படுத்துவதாக இருந்தால் நெட்டுக்கு மேலே, குளிர் காற்றில் மட்டும்.

சீக்கிரம் காயட்டும் என்று ஈர முடியில் சூடான கிரிம்பரை வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, உள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். தோல் மருத்துவர்கள் இதை 'பபிள் ஹேர்' என்கிறார்கள். அப்படிப்பட்ட முடி அந்த இடத்திலேயே உடைந்துபோகும். அதைச் சரிசெய்ய வழியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாக வளரக் காத்திருக்க வேண்டியதுதான்.

நீளமான முடி இருந்தால்?

வெட்ட வேண்டிய அவசியமில்லை. முன்பக்கம் காது வரைக்கும் மட்டும் அலை போட்டு, மீதியைக் கழுத்தை ஒட்டித் தாழ்வான கொண்டையாகச் சுருட்டிவிடலாம். 1920-களில் முடி வெட்ட மனமில்லாத பெண்களும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அலை சீக்கிரம் தளரலாம். கிளம்புவதற்குச் சற்று முன்புதான் கிளிப்பை எடுக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே யாருக்கும் சரியாக வராது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேடு மட்டும் போட்டுப் பழக ஆரம்பியுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.