சுருதி மாற்றினால் கித்தாரும் நம் வாத்தியமே

கோயில் பஜனையில் ஆர்மோனியப் பெட்டி சுருதி பிடித்ததும் பாட்டு தொடங்கிவிடும். சினிமாப் பாட்டுக்கு அழகாகக் கித்தார் வாசிக்கும் இளைஞர்கள் அப்போது ஓரமாக உட்கார்ந்துவிடுவதைப் பல இடங்களில் காணலாம். 'இது வெள்ளைக்காரன் வாத்தியம், தேவாரத்துக்கு ஒத்து வராது' என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு. குறை வாத்தியத்தில் இல்லை. தந்திகளைக் கூட்டியிருக்கும் முறையில்தான் இருக்கிறது.

கித்தாரின் ஆறு தந்திகளும் வழக்கமாகத் தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கூட்டப்படுகின்றன. மேல்நாட்டுச் சுரக்கூட்டுகளை, அதாவது கார்டுகளை, விரல்கள் எளிதில் பிடிக்க ஏற்ற முறை இது. நம் இசைக்கோ நிலையான ஆதார சுருதி வேண்டும். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் சட்ஜம், பஞ்சமம் என்ற இரண்டு சுரங்களிலேயே அமைந்திருப்பது அதனால்தான்.

வந்த வாத்தியத்தைத் தனக்கேற்பக் கூட்டிக்கொள்வது தமிழருக்குப் புதிதல்ல. 1786இல் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த முன்னோடி அவர். மேல்நாட்டில் ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டப்படும் அந்த நான்கு தந்திகளும் நம் கச்சேரிகளில் ச, ப, ச, ப என்று மாறின. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. மாண்டலின் சீனிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் வாசித்தார். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, கித்தாரிலேயே கமகத்தோடு முழுக் கச்சேரி செய்து காட்டியிருக்கிறார். வடக்கே விஸ்வ மோகன் பட் கித்தாரை 'மோகன வீணை'யாக மாற்றி, 1994இல் ரை கூடருடன் கிராமி விருதைப் பகிர்ந்துகொண்டார்.

அதற்கும் முன்னே யாழ் இருந்தது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதால், பண் மாறும்போது நரம்புகளின் சுருதியும் மாற வேண்டியிருந்தது. 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' இதை விரிவாக ஆராய்கிறது.

எப்படிக் கூட்டுவது?

வழக்கமான நிலையிலிருந்து மூன்று தந்திகளை மட்டும் தளர்த்தினால் போதும். தடித்த ஆறாவது தந்தியை ஈயிலிருந்து டிக்கும், இரண்டாவதை பியிலிருந்து ஏக்கும், மெல்லிய முதல் தந்தியை ஈயிலிருந்து டிக்கும் இறக்க வேண்டும். இப்போது டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். டியைச் சட்ஜமாகக் கொண்டால் இதுவே ச, ப, ச, ம, ப, ச. மேல்நாட்டில் டேவி கிரகாம் 1960களில் பரப்பிய முறையும் இதுதான்.

சுத்த மத்திமம் வரும் கரகரப்பிரியா, தோடி போன்ற ராகங்களுக்கு இது பொருந்தும். மோகனத்தில் மத்திமமே இல்லை. கல்யாணியில் வருவது பிரதி மத்திமம். ஆகவே இவற்றுக்கு மூன்றாவது தந்தியை ஜியிலிருந்து அரைச் சுரம் இறக்கி, அந்தர காந்தாரத்தில் வைக்க வேண்டும். இந்தோளத்தில் பஞ்சமம் இல்லை என்பதால் ஏ தந்திகளைத் திறந்து மீட்டாமல் விடுவது நல்லது.

டி என்பது 2 கட்டை. பாடுபவரின் கட்டைக்கு ஏற்பக் கேப்போவை நகர்த்தினால் தந்திகளை மறுபடி கூட்ட வேண்டியதில்லை. மூன்றாம் மெட்டில் போட்டால் 4 கட்டை. ஐந்தாம் மெட்டில் போட்டால் 5 கட்டை. பெண்களில் பலர் 5 கட்டையில் பாடுவார்கள். 1 கட்டையில் பாடும் ஆண்களுக்கு எல்லாத் தந்திகளையும் இன்னும் ஒரு முழுச் சுரம் இறக்கலாம். மெல்லிய தந்திகள் அப்போது தொளதொளத்து அதிரும். சற்றுத் தடித்த தந்திகளைப் போடுவது நல்லது. ஆர்மோனியத்தை மாற்ற முடியாது. எனவே கித்தார்தான் அதனுடன் சேர வேண்டும்.

சுருதியைக் குறைத்தால் தந்தி அறுகிற பயம் இல்லை. வழக்கமான நிலைக்கு மேல் முறுக்குவதுதான் ஆபத்து. தந்தி அறுவதோடு பாலமும் பெயரக்கூடும்.

ரிங்லெட்டில் கவனிக்க வேண்டியவை

தாப்பாவிலோ ஈப்போவிலோ வாங்கிய கித்தாரை மலைக்குக் கொண்டு வந்தவுடன் கூட்டக்கூடாது. குளிரில் தந்தி சுருங்கும். ஈரத்தில் மரம் உப்பும். சுருதி மேலே ஏறிவிடும். சில மணி நேரம் அறையில் வைத்திருந்து பிறகு கூட்டினால் சுருதி நிற்கும். பனி ஈரத்தில் தந்தி துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பது அவசியம்.

இழப்பும் இல்லாமல் இல்லை. பழகிய கார்டு பிடிகள் எல்லாம் மாறிவிடும். விரல்கள் புதிதாகப் பழக வேண்டும். தேவாரத்துக்குக் கார்டுகளை அடுக்கவும் தேவையில்லை. திறந்த தந்திகள் சுருதி சொல்ல, ஒரு தந்தியில் மட்டும் பாட்டின் மெட்டைத் தொடர்ந்தால் போதும். ஓரமாக உட்கார்ந்திருந்த இளைஞர் அப்போது ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து அமரலாம். வயலினுக்கு இடம் கொடுத்த சபை, கித்தாருக்கும் இடம் கொடுக்கும்.